தலைமாட்டுத் தென்னை

தென்னைமரத்தைப் பார்த்து அதன் வயதைச் சொல்லத் தெரியாத ஒருத்தி, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த ஒன்று தெரியாமல் போனதால் பெற்ற தாயை ஏமாற்றிவிட்டேன். தெரிந்தே செய்யவில்லை என்பது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

எங்கள் ஆட்களில் இறந்தவரைச் சொந்த விளையிலேயே, அதாவது தோப்பிலேயே, வீட்டுக்குத் தெற்கே அடக்குவார்கள். கல் வைப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை. பதினாறாம் நாள் தலைமாட்டில் ஒரு தென்னம்பிள்ளை நடுவார்கள். அடையாளம் அவ்வளவுதான். அப்பாவின் குடும்பம் நெய்யாற்றின்கரையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய தெருவில் இருந்தது. அப்பாவின் அப்பா, அவருடைய அண்ணன், அவர்களுக்கும் முந்தியவர்கள் எல்லோரும் அந்த வீட்டின் தெற்குப் பக்கத்தில் கிடந்தார்கள். தேங்காய் வெட்டும்போது 'பெரியவருக்க தெங்கு', 'மூத்தவருக்க தெங்கு' என்று ஆளைச் சொல்லித்தான் மரம் ஏறச் சொல்வார்களாம். அப்பாவை அடக்கியதும் அங்கேதான். எனக்கு அப்போது ஆறு வயது.

மறுவருஷமே அம்மாவுக்கும் சித்தப்பாவின் வீட்டுக்காரிக்கும் வாய்ச்சண்டை முற்றியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளறடைக்கு, தான் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு சாகும்வரை அந்தத் தெருவை அவள் மிதிக்கவில்லை. வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. சித்தப்பா விளையைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் பாறசாலைப் பக்கம் மகனோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோதும், "விக்கட்டும். நமக்கென்ன?" என்று கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

அந்த அம்மாதான் போன வருஷம் படுத்த படுக்கையில் என்னிடம் சொன்னாள்: "என்ன அங்க கொண்டு போவ முடியாதுன்னு எனக்குத் தெரியும் மக்கா. அப்பா கெடக்க எடத்துல இருந்து ஒரு பிடி மண்ணு கொண்டு வந்து எம்மேல போடு. ஆண்டுக்குள்ள போட்டாப் போதும்."

"எடம் எனக்கெப்படித் தெரியும்?"

"கெணத்துக்குத் தெக்க. தலைமாட்டுல தென்னம்பிள்ளை வச்சிருக்கு. அது இப்ப மரமாயிருக்கும்."

இரண்டு நாளில் போய்விட்டாள். வீட்டுக்குப் பின்னால், ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் கொஞ்ச நிலத்தில் அவளை அடக்கினோம். அடக்கினோம் என்று பன்மையில் எழுதுகிறேன். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், போனார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. சில நாட்களில் சாயங்காலம் வரை என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வந்திருக்காது. ஆட்டோக்காரரிடம் போகிற இடத்தைச் சொல்லும்போதுதான் குரல் கம்மிக் கிடப்பது தெரியும்.

அந்தத் தெருவைக் கண்டுபிடிக்க அரை நாள் அலைந்தேன். எல்லாம் மதில்களும் கேட்டுகளுமாகிவிட்டிருந்தன. கடைசியில் கிணறுதான் காட்டிக்கொடுத்தது. இரும்பு வலை போட்டு மூடிய எங்கள் பழைய கிணறு ஒரு மாடிவீட்டின் முற்றத்தில் இருந்தது. அதற்குத் தெற்கே ஒரே ஒரு தென்னை. மற்றவர்களின் மரங்களெல்லாம் போய்விட்டன. அப்பாவுடையது மட்டும் நிற்கிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வீட்டில் எழுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா, தனியாக இருந்தார். மலையாளம் கலந்த தமிழ். அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தன் முற்றத்தில் ஆளைப் புதைத்திருக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? "நான் ரிட்டயரான டீச்சர். நான் பொறந்த எடமாக்கும் இது. அந்தத் தெங்குக்க மூட்டுல ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிடட்டா?" என்றேன்.

"அதுக்கெந்தா டீச்சரே, ஒரு சாக்கு நெறய எடுத்தோ!" என்று சிரித்தார். டிபன் டப்பாவில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் மேல் பரப்பினேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அந்த மழைக்காலம் முழுவதும் கொஞ்சம் திமிராகவே நடந்தேன்.

ஆண்டுத் திதிக்குச் சித்தப்பாவை அழைக்காமல் இருக்க முடியாது. சண்டை அம்மாவோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு பாறசாலைக்குப் போனேன். சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது, வாயும் குறையவில்லை. மண் எடுத்து வந்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"எந்தத் தெங்கு?" என்றார்.

"கெணத்துக்குத் தெக்க நிக்கதுதான்."

"அது உனக்க அப்பாவுக்க தெங்கில்ல மக்கா. அண்ணனுக்கு வச்சத வண்டு அடிச்சுப் போட்டு. மூட்டோட தோண்டித் தீ வச்சேன். இது அதுக்குப் பெறவு வச்சதாக்கும்."

"அதே குழியிலதான வச்சிய?"

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குப் படிப்பு உண்டு, விவரம் இல்ல. வண்டு அடிச்ச குழியில எவனாவது புதுத் தையி வைப்பானா? அதுவும் பட்டுல்லா போவும். பத்தடி கெழக்க தள்ளி வச்சேன்."

"அப்போ அப்பா?"

"மேக்க. அந்த வீட்டுக்காரி அடுக்களை கெட்டியிருக்கால்லா, அதுக்குத் தாழ."

"விக்கும்போது சொல்லல்லியளா சித்தப்பா?"

"சொன்னா எவன் வாங்குவான்?" கையை அகல விரித்து ஆள் நீளம் காட்டினார். "குழி வெட்டுனது நானாக்கும். எனக்க அண்ணன். எடம் மறப்பனா?"

எனக்கு வந்த கோபத்தில் அவர் மருமகள் கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். யார் மேல் கோபம் என்று பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். தென்னையை அடையாளமாக வைத்த மனிதரே தென்னைக்கு எது நல்லதோ அதைச் செய்திருக்கிறார். விவசாயம் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். ஐம்பது வருஷத்து மரத்துக்கும் அதற்கு இரண்டு வருஷம் இளையதற்கும் வித்தியாசம் எனக்கெங்கே தெரியும்?

திதிக்கு ஒரு வாரம் இருந்தது. மறுபடி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. அடுக்களையில் ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு, ஆள் வைத்துச் சரிபண்ணித் தந்துவிடலாம். பஸ்ஸில் போகும்போதே எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள்.

"டீச்சரோ! கேறி வா, கேறி வா" என்று அந்த அம்மா என்னை நேராக அடுக்களைக்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கட்டில் கிடந்தது. தலையணை, ரேடியோ, மாத்திரை டப்பா எல்லாம் அங்கேயே. நான் பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார்: "அவரு போனதுக்குப் பின்ன இந்த வீட்டில எனக்குப் பயமில்லாத்த எடம் இது மாத்திரமாக்கும். மாடிக்குக் கேறியே வருஷம் ரெண்டாச்சு. மகன் துபாயில. வேற எங்க கிடந்தாலும் உறக்கம் வராது."

டப்பா என் பைக்குள் இருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். இந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் பயமில்லாத இடம் இந்தப் பத்தடி. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் மண்ணோடு பஸ் ஏறிவிடுவேன். பிறகு இவர் எங்கே தூங்குவார்?

"என்ன விசேஷம் டீச்சரே?"

"ஒண்ணுமில்ல. இந்த வழி வந்தேன், சும்மா கேறுனேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை இழுத்துப் போட்டார். முட்டுவலி, தரைதான் வசதி என்று பொய் சொல்லிக் கால் நீட்டி உட்கார்ந்தேன். அவர் சாயா போட்டுக்கொண்டே மகனின் போன், மீன்காரியின் அநியாய விலை, மருமகளின் உப்பில்லாத சமையல் என்று மூச்சுவிடாமல் பேசினார். நான் உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தேன். டைல்ஸ் ஜில்லென்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

அப்பாவைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு ஞாபகம். சாயாவை ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கடைசி வாயை எனக்கு மிச்சம் வைப்பார். நானும் கடைசி வாயைக் குடிக்காமல் தம்ளரைத் தரையில் வைத்தேன்.

"சாய கொள்ளூலே, நல்லா இல்லியா?" என்றார் அந்த அம்மா, முகம் சுருங்கி.

"நல்லா இருந்து" என்றேன்.

திதியன்று வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்ததும் அம்மாவிடம் போனேன். நான் பரப்பிய மண் மழையில் கரைந்து இந்த மண்ணோடு சேர்ந்துவிட்டிருந்தது. இனி அதைப் பிரித்தெடுக்க முடியாது.

"அம்மா, நான் போட்டது வெறும் மண்ணாக்கும்" என்றேன். "அப்பா ஒரு அடுக்களைக்குத் தாழ கெடக்கார். எடுக்கப் போனேன், எடுக்கல்ல. அங்க ஒருத்தி நாள் முழுக்கப் பேசிட்டிருக்கா, அவரு ஒற்றைக்கில்ல. நீயும் ஒற்றைக்கில்ல, நான் தெனமும் வாறேன்."

அப்போதுதான் அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. அவள் படுக்கையில் கிடந்தபோதே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"உனக்கு மண்ணு போட நான் உண்டு. எனக்கு யாரு போடுவா? அத நீ சொல்லல்லியே அம்மா."