பனிக் கண்ணாடிக்கு வெங்காயப் பரீட்சை

லடாக்குக்கு பைக்கில் போகிறேன் என்று மகன் சொன்னபோது வீட்டில் சாமியாடிவிட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்ம ஊர் மலையைச் சுற்றுவது போதாதா, அந்த மலை எதற்கு என்று கத்தினேன். பெற்றது ஒன்றே ஒன்று. அவனோ பனிக்காற்றிலிருந்து கண்ணைக் காக்க மூன்று கண்ணாடிகளை வரவழைத்து என் முன்னால் வைத்தான். "எது நல்லதுனு நீயே சொல்லும்மா."

கோபம் போய் எனக்கு வேலை வந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? மூன்றையும் ஃப்ரீசரில் வைத்தேன். வெளியே எடுத்ததும் மூன்றும் வெள்ளையாகப் பூத்துவிட்டன. "ஒண்ணும் உதவாது, திருப்பி அனுப்பு" என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அம்மா, இது நம்ம ஊரு காத்து பட்டு வெளியில படியறது. அங்க நம்ம ஒடம்புச் சூட்டுல உள்பக்கந்தான் படியும்." பனியைக் கண்டவளா நான்?

பிறகு என் வழிக்கு வந்தேன். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்தேன். காரம் நுழைகிற இடத்தில் காற்றும் நுழையும். கறுப்புக் கண்ணாடியில் மூக்கோரம் இடைவெளி. உடனே கண் எரிந்தது. மஞ்சள் கண்ணாடி தாங்கியது, ஆனால் அவனுடைய பவர் கண்ணாடிமேல் உட்காரவில்லை. ஓரத்தில் ஸ்பாஞ்ச் வைத்த மூன்றாவதைப் போட்டுக்கொண்டு சாம்பாருக்கு வேண்டியது முழுக்க உரித்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"இதான். காத்து வராது" என்றேன்.

"முத்திரை குத்திட்டா உங்கம்மா, கெளம்பு" என்றார் அவன் அப்பா.

அவன் லடாக் போகவில்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம், கீழ்பென்னாத்தூர் ரோட்டில், பட்டப்பகலில், எதிரே வந்த வேன் மோதி அங்கேயே போய்விட்டான். பனியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. எதற்கெதற்கோ பயந்தேன், தினமும் போய்வந்த ரோட்டுக்குப் பயப்படவில்லை.

காரியம் முடிந்து சொந்தங்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள், இரண்டே பேருக்குக் குழம்பு வைக்க உட்கார்ந்தேன். அந்தக் கண்ணாடி சமையலறை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். அவன் சொன்ன மாதிரியே உள்ளேதான் படிந்தது. கையிலிருந்த கத்தி கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் வந்து நின்று என்னையே பார்த்தார்.

"காத்து வருதா?"

"ஆமாங்க, வருது."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல், வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.