ஆகாயத்தாமரைக்கு அடியில்

செத்துத் தொலைந்தது என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். கோடையில் அரியாங்குப்பம் ஆற்றில் உப்புத்தண்ணீர் மேலேறியதும் ஆகாயத்தாமரை பழுத்து அழுகியது உண்மைதான். ஆனால் சேற்றில் விதை கிடந்தது. அடுத்த மழைக்கு மறுபடி ஆற்றை அடைத்துக்கொண்டது, சனியன். பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது அது.

நாங்கள் செய்த மடத்தனம் வேறு. தோணிக்கு வழி வேண்டுமென்று நானும் என் வீட்டுக்காரரும் செடியை அரிவாளால் வெட்டித் தண்ணீரிலேயே தள்ளினோம். கடலுக்குப் போனால் உப்பில் செத்துவிடும் என்ற நினைப்பு. கடலோரத்துக்காரர்களுக்கு உப்பின்மேல் அவ்வளவு நம்பிக்கை. வெட்டிய துண்டுகள் கடல்வரை எங்கே போயின? வழியிலேயே தங்கி, ஒவ்வொன்றும் ஒரு செடியானது.

அன்று உச்சி வேளை. மீன் பிடிக்கையில் வலை ஆற்றடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வலைதான்.

"நீ தோணிய பாத்துக்க, எடுத்துட்டு வந்துடறேன்" என்று வீட்டுக்காரர் முங்கினார்.

அந்த நேரம் பார்த்தா கடல்காற்று கிளம்ப வேண்டும்! ஓரமாகக் கிடந்த செடிக்கூட்டம் மொத்தமாக நகர்ந்து வந்து அவர் இறங்கிய இடத்தை மூடியது. நாலு முழம் தள்ளி இலைகள் மேலே எழும்பின. அவர் தலைதான். முட்டிப் பார்த்துவிட்டு அமுங்கிப்போனார்.

அரிவாளால் வெட்டினேன், வெட்டிய துண்டுகளே வந்து அடைத்தன. அரிவாளை எறிந்துவிட்டு, வேரோடு பிடுங்கித் தோணிக்குள் போட்டேன். கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. அது மூடாமலிருக்க ஒரு காலை உள்ளே விட்டு மிதித்துக்கொண்டு, துடுப்பால் தோணி விளிம்பை அடித்தேன். மீனை வலைப்பக்கம் விரட்ட அப்படித்தான் அடிப்போம். தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். மீன் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடும். இவர் வருவாரா?

"யோவ், இங்க வா! இங்கய்யா!"

கணுக்காலை ஒரு கை பிடித்தது. தலைமுடியைப் பற்றித் தோணிக்குள் இழுத்துப் போட்டேன்.

"வல பெருசா, நீ பெருசாய்யா?" முதுகில் அறைந்துகொண்டே அழுதேன்.

இருமி முடித்தவர் சொன்னார்: "இன்னொருவாட்டி எறங்கினா எடுத்துடுவேன்."

"எங்க எறங்குவ? மொதல்ல முங்குன எடத்தக் காட்டு பாக்கலாம்."

கையை நீட்டினார். தோணியைச் சுற்றி ஒரே பச்சை. நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.