நான்காம் நூலகம்

நான் படிக்கச் சென்ற சிம்மக்கல் நூலகத்தின் பொறுப்பாளர் நெடிய மேனியர். காதில் எந்நேரமும் கரிக்கோல் செருகியிருப்பார். சிம்மக்கல், தல்லாகுளம், சமயநல்லூர் ஆகிய மூன்றிடத்து நூலகங்களும் நூல்தோறும் ஒரே முறையில் பட்டியல் அட்டை எழுதி, எந்நூல் எங்குள்ளதென மூன்றிடத்தும் அறியச் செய்வதில் உறுதிபூண்டவர்.

அதற்காக, வழங்கியவர் பெயரால் நின்ற அலமாரிகளைக் கலைத்து, நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கினார். தந்தையார் பெயரால் நூல்கள் வழங்கியிருந்த பட்டு வணிகர் சினந்தார்.

“எங்கப்பா பேரையா கலைக்கிற? அம்புட்டையும் எடுத்துட்டுப் போறேன்!”

வண்டியில் ஏற்றிச் சென்றும்விட்டார்.

பொறுப்பாளர் தளரவில்லை. அந்நூல்களின் பட்டியல் அட்டைகளில் ‘பட்டு வணிகர் இல்லம், சிம்மக்கல்’ என்று இடத்தை மட்டும் மாற்றியெழுதி, மூன்று நூலகங்களிலும் வைத்தார்.

“அது வீடாயிற்றே, ஐயா?” என்றேன்.

“புத்தகம் இருக்கிற இடத்தைச் சொல்லத்தானே அட்டை? தேடி வாரவுக கதவத் தட்டட்டும்.”

தட்டினர். சமயநல்லூரிலிருந்தும் வந்து தட்டினர். சில திங்கள் கழித்து வணிகர் நூலகத்துள் நுழைந்தபோது, பூசல் எழுமென்றே அஞ்சினேன்.

“ஏண்ணே, புதுசா அஞ்சாறு புத்தகம் வாங்கி வச்சிருக்கேன். அதுக்கு அட்டை எழுத வரமாட்டீகளா?”

பொறுப்பாளர் சிரிக்கவில்லை, காதிலிருந்த கரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். இதனை அவர் முன்பே எதிர்பார்த்திருந்தாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.