ஓத்வாரின் நான்கு கேக்குகளும் ராக்னாவின் ஒன்றும்

ஓத்வார் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் போதும், இஞ்சின் தன் குறையை அவரிடம் ஒப்புக்கொண்டுவிடும் என்பது நார்வேயில் எங்கள் ஹெல்கெலாண்ட் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. படகுத்துறைக்கு மேலே ஏறும் சாலையில் இருக்கிற எங்கள் முதலாளி ஸ்டைனாரின் கார் பட்டறையில் முப்பத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் முகம் சுளிப்பார்.

காரின் மின்சார வேலையையும் அவர் ஒருவரும் சொல்லித்தராமல் தானே பழகியவர்தான். எங்கள் பெண் பாதிரியாரின் காரில் மூன்று நாளைக்கு ஒருமுறை பேட்டரி செத்துப்போகும். இரண்டு இடத்தில் காட்டி இரண்டு புது பேட்டரி போட்டும் அதே கதை. ஓத்வார் பேட்டரியைத் தொடவே இல்லை. காரைப் பூட்டி, அது நன்றாகத் தூங்கட்டும் என்று அரை மணி நேரம் காப்பி குடித்துவிட்டு வந்து, மீட்டரை இணைத்துப் பார்த்தார். ஓடக்கூடாத மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதினோராவது ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டரில் எண் சட்டென்று இறங்கியது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டிக்குள் ஒரு விளக்கு. மூடியை மூடினாலும் அணையாமல் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கமே அந்த விளக்கைப் பற்றித்தானாம். ஓத்வார் கோயில் பக்கம் போகிறவர் இல்லை. அவர் மனைவி யூருன் வந்து சொன்னாள். அன்றைக்கு முழுக்க அவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஊரில் கார்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. மீன் தொழிற்சாலைக்காரர் மின்சாரக் கார் வாங்கினார், பள்ளித் தலைமையாசிரியை வாங்கினாள், கடைசியில் டாக்ஸிக்காரர்களும் வாங்கினார்கள். காது கொடுத்துக் கேட்க அதில் என்ன இருக்கிறது? ஓத்வார் பட்டறையின் மூலையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஸ்டைனார் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓத்வார், மனசுல வச்சுக்காத. உயர் மின்னழுத்த வேலைக்கு சான்று இல்லாதவங்கள அந்த வண்டிகள தொட விடக்கூடாதுன்னு சட்டம். வர்ற கோடைக்குள்ள வாங்கிடு."

"வாங்கலைன்னா?"

"வாங்கலைன்னா டயர்தான். ரிட்டயர் ஆகுற வரைக்கும் டயர்."

சான்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டியவள் ராக்னா. நாற்பத்தொன்பது வயது. எங்கள் ஃபெரிப் படகில் இருபது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவள். படகு டீசலை விட்டு பேட்டரிக்கு மாறியபோது அதையும் பார்த்துக்கொண்டவள். முழங்கால் வலி என்று கரைக்கு வந்து பட்டறையில் சேர்ந்தாள். சிரிப்பாள், ஆனால் வேலை நேரத்தில் சிரித்து யாரும் பார்த்ததில்லை. படகில் அவளோடு வேலை பார்த்த ஒருவன் இப்போது இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறான் என்று ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

முதல் நாளே ஓத்வாரிடம் சொல்லிவிட்டாள்.

"இந்த ஆரஞ்சு கேபிள்ல நானூறு வோல்ட் இருக்கு. அது சத்தம் போடாது, வாசனை வராது, முன்னாடியே சொல்லிட்டும் வராது. அதனால உன் காது இங்க வேலைக்கு ஆகாது."

"என் காது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல காது. வீட்டுக்குப் போய் பொண்டாட்டி பேச்ச கேக்கட்டும்."

அவள் வைத்திருந்த வரிசை இது. முதலில் கைக்கடிகாரம், மோதிரம், எதுவானாலும் கழற்ற வேண்டும். காரை அணைத்து, சின்ன பேட்டரியைக் கழற்றி, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சொந்தப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று. ரப்பர் கையுறையில் ஊதிப்பார்த்து, ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகே மாட்ட வேண்டும். பிறகு மீட்டர். அதை முதலில் மேசை மேல் இருக்கும் சாதாரண பேட்டரியில் வைத்து, மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து காரில் வைத்து அளக்க வேண்டும். ஜீரோ என்று வந்தாலும் நம்பாமல், மறுபடி மேசைக்கு வந்து அதே பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கையுறையைக் கழற்றலாம். இவ்வளவும் நடக்கும்போது இன்னொரு ஆள் நீளக் கொக்கி போட்ட கம்போடு பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் கையால் தொடாமல் இழுத்துப் போட அந்தக் கொக்கி.

தவறினால் தண்டனை கேக். எங்கள் நாட்டில் ஆபீஸ், பட்டறை எங்கே போனாலும் தப்புச் செய்தவன் மறு வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். முதலாளியே ஆனாலும் தப்பமுடியாது. ஆனால் ராக்னாவைப் போல அதை ஈவிரக்கமில்லாமல் வசூலித்தவர்கள் யாரும் இல்லை.

ஓத்வாரின் முதல் கேக், கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கியதற்கு. இரண்டாவது, பூட்டின் சாவியைப் பையில் போடாமல் மேசை மேல் வைத்துவிட்டு மூத்திரம் போனதற்கு. மூன்றாவதும் நான்காவதும் ஒரே குற்றத்தை இரண்டு முறை செய்ததற்கு. காரில் ஜீரோ பார்த்தவுடன் வேலையை ஆரம்பித்துவிட்டார், மீட்டரை இரண்டாம் முறை மேசை பேட்டரியில் சோதிக்கவில்லை.

நான்காவது முறை அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அளக்கறதுக்கு முன்னாடி பாத்தேன்ல? மீட்டர் நல்லாத்தானே இருந்துச்சு? ஒரு நிமிஷத்துக்குள்ள அதுக்கு என்ன மாரடைப்பா வந்துடும்?"

"வரலாம்."

"உன் கண்ணால பாத்திருக்கியா?"

"இல்ல."

"பாக்காததுக்குத்தான் என் பொண்டாட்டி கேக் சுடறாளா?"

"ஆமா. பாதாம் கொஞ்சம் கூடுதலா போடச் சொல்லு," என்று சொல்லிவிட்டு ராக்னா போய்விட்டாள்.

வீட்டில் யூருன் அவரை விட்டுவைக்கவில்லை. பாதாமை அரைத்துக்கொண்டே கேட்டாள், "ஏம்ப்பா, முப்பத்தஞ்சு வருஷத்துல இந்தக் கையால சுட்ட கேக்க ஒரு நாள்கூட நீ சாப்பிட்டதில்ல. இப்ப ஊருக்கே சுட்டுப் போடறேன். பிரச்சினை உனக்கா, இல்ல எனக்கா?" அந்த வருடம் மார்ச் மாதம் அவர் ராக்னாவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

மார்ச் கடைசி வாரம், ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு, கயிறு கட்டி ஒரு டாக்ஸியை இழுத்து வந்தார்கள். சார்ஜ் ஏறவில்லை, திரை முழுக்க எச்சரிக்கை. கடலோரம் நின்ற வண்டி, உப்புத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. இதுதான் ஓத்வாருக்குப் பரீட்சை. அளக்க வேண்டியது அவர், பேட்டரி மூடியைத் திறந்து கை வைக்க வேண்டியது ராக்னா. ஒரு தவறும் இல்லாமல் முடித்தால் அன்றே கையெழுத்து என்று சொல்லியிருந்தாள். தவறினால் இன்னொரு கேக்கும் இன்னொரு மாதமும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பூட்டுப் போட்டார், சாவியைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பத்து நிமிடம் நின்றார். கையுறையில் ஊதினார். மேசை பேட்டரியில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஆறு. நல்லது. காருக்குள் குனிந்து, மீட்டரின் வயரை வளைத்து, முனைகளை உள்ளே நீட்டி வைத்தார்.

"ஜீரோ," என்றார்.

இதைச் சொன்னபோது அவர் மனது கிட்டத்தட்ட வேலையை முடித்துவிட்டது. ராக்னாவுக்குக் காவல் நிற்கக் கைகள் கொக்கிக் கம்பை எடுக்கப் போயின. அப்போதுதான் யூருன் காலையில் வாசலில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. "பாதாம் தீந்து போச்சு. இன்னிக்கு தப்பு பண்ணினா நீயே சுட்டுக்கோ." அவருக்கு முட்டையை உடைக்கவே வராது. முணுமுணுத்துக்கொண்டே மீட்டரைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு நடந்தார். மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தார்.

ஜீரோ.

பேட்டரி அதே பேட்டரிதான். ஒரு நிமிடம் முன்பு பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டிய பேட்டரி. ஓத்வார் இன்னொரு முறை அழுத்தி வைத்தார். ஜீரோ. திரும்பிப் பார்த்தார். அவர் ஜீரோ என்று சொன்னதை நம்பி ராக்னா கையுறைகளைக் கழற்றி முழங்காலில் வைத்துவிட்டு, ஸ்பேனரோடு வெறும் வலது கையை மூடிக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ராக்னா! கைய எடு!"

முப்பத்தைந்து வருடத்தில் ஓத்வார் கத்தி யாரும் கேட்டதில்லை. பட்டறைக் கதவு வரைக்கும் கேட்டது. ராக்னாவின் கை நின்றது. நான்கு விரல் தூரம் இருந்திருக்கும். ஒன்றும் கேட்காமல், மெதுவாக, கையை வெளியே இழுத்தாள்.

மீட்டரின் வயருக்குள் இருந்த செம்புக்கம்பி, மேலே ரப்பர் நன்றாக இருக்கும்போதே, அவர் வளைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. இன்னொரு மீட்டரைக் கொண்டுவந்து, சோதித்து, கையுறையோடு அளந்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வோல்ட். உப்புத்தண்ணீர் செய்த வேலையில் பேட்டரிக்குள் இருந்த சுவிட்சுகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. ப்ளக்கைப் பிடுங்கியும் பூட்டுப் போட்டும் மின்சாரம் நிற்கவே இல்லை.

ராக்னா போய் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஓத்வாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டைனார் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யாரும் கிட்டே போகாதபடி வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டப் போனார்.

"மாரடைப்பு வந்துடுச்சு," என்றார் ஓத்வார் கடைசியில்.

"எனக்கா?"

"மீட்டருக்கு."

ராக்னா சிரித்தாள். வேலை நேரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, அதைப் பார்க்காதது போல நாங்கள் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எல்லோரும் சாப்பாட்டறையில் ரொட்டியும் பழுப்புச் சீஸும் பிரித்து வைத்தோம். ராக்னா ஒரு பெரிய டப்பாவோடு உள்ளே வந்தாள். மேசை நடுவில் வைத்துத் திறந்தாள். க்ரீம் கேக். மேலே இடைவெளி தெரியாமல் மஞ்சள் நிறச் சதுப்புநிலப் பழங்கள். அந்தப் பழம் எந்தச் சதுப்பில் காய்க்கிறது என்று எங்கள் ஊரில் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கோடையில் கொசுக்கடியில் குனிந்து பறித்து, உறையவைத்து, கிறிஸ்துமஸுக்கு நாலு கரண்டி எடுப்பார்கள். இவள் ஒரு வருடத்துச் சேமிப்பையெல்லாம் கொட்டியிருந்தாள்.

"தப்பு பண்ணினது நான்," என்றாள். "ரெண்டாவது சோதனை முடியறதுக்கு முன்னாடி கையுறைய கழட்டிட்டேன். இருபது வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நானே கழட்டிட்டேன். கேக் என்னுது."

"அடடா, சட்டம் தன் கடமைய செஞ்சிடுச்சு," என்றார் ஸ்டைனார். யாரும் சிரிக்கவில்லை.

முதல் துண்டு ஓத்வாருக்கு வந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனசைத் திறந்து பேச வராத மனிதர், அன்றைக்குப் பேசினார்.

"நாலு கேக்குக்கும் உன்னத் திட்டியிருக்கேன் ராக்னா. வீட்ல, வண்டியில, கழிவறையில கூட. அந்த நாலுல ஒண்ண நீ போனா போகுதுன்னு விட்டிருந்தா, அன்னிக்கு நான் மேசைக்கு நடந்திருக்க மாட்டேன். இனிமே என் வேலை எல்லாமே அந்த நடைதான். உனக்கு ரொம்ப நன்றி."

சொல்லி முடித்ததும் ஒரு கரண்டி கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். ராக்னா விரலில் ஒட்டிய க்ரீமைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து சான்றுத்தாளை எடுத்து விரித்தாள். வலது கையில் பேனாவைப் பிடித்து, தன் பெயரை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, முழுசாக எழுதினாள்.

எங்கள் வழக்கப்படி சாப்பிட்டு எழுந்தவர்கள்தான் சமைத்தவரிடம் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். ஓத்வார் நாற்காலியைத் தள்ளி எழுந்தார், சொல்ல வாயெடுத்தார். கேக் சுட்டுக் கொண்டுவந்த ராக்னாவே முந்திக்கொண்டாள். தாளை அவரிடம் நீட்டி, கையெழுத்துப் போட்ட அதே வலது கையை அவர் கைக்குள் வைத்து, "சாப்பாட்டுக்கு நன்றி, ஓத்வார்," என்றாள்.

அவர் அந்தக் கையை உடனே விடவில்லை. அது வெதுவெதுப்பாக இருந்தது.