கிணற்றடித் தென்னையும் மூன்று ரேடியோக்களும்

நான் கல்யாணமாகிப் பேகம்பூருக்கு வந்தபோது எங்கள் தெருவில் இரண்டே வீடுகளின் மாடியில்தான் ஏரியல் வலை தெரிந்தது. மூன்று வருடத்தில் எண்ணி மாளவில்லை. டீக்கடையில் ரேடியோ, சலூனில் ரேடியோ, பீடிக் கடையில் கூட ரேடியோ. ரேடியோ வைத்திருப்பவர்கள் வருடா வருடம் தபாலாபீசில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்த வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததைப் பார்த்துத்தான், நாமே ரேடியோ கடை வைத்தால் என்ன என்று என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது.

மாமனாருக்குத் தோல் வியாபாரம். தோல் கிடங்கின் உப்பு வாடையை நான் குறை சொல்ல மாட்டேன். அதில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது. ஆனால் மகனுக்கு மனசு அதில் ஒட்டவில்லை. மதுரையில் ஒரு ரிப்பேர் கடையில் இரண்டு வருடம் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டு வந்து, வீட்டின் முன்னறையிலேயே கடையைப் போட்டார். புது செட்டும் விற்போம், பழுதும் பார்ப்போம். முன்னறைக்கும் உள்ளுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

வால்வு ரேடியோக்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. போட்டவுடன் சமர்த்தாகப் பாடும். சூடேறிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். அதனால் ரிப்பேர் பார்த்த செட்டைப் பகல் முழுக்க ஓடவிட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். குழம்பு கொதிக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் காது மட்டும் செட்டில் இருக்கும். திருச்சியும் இலங்கையும் என் அடுப்படிக்குள் வந்து போயின. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைக்கப்பட்டவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைக்கு என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யாராவது செட் வேண்டும் என்றால் உடனே விற்பதில்லை. மூன்று நாள் அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம். மூன்று நாள் பாட்டு கேட்ட வீடு நாலாம் நாள் ரேடியோவைத் திருப்பித் தராது. இதில் என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஒரு கோடையில் சேவுகம்பட்டிப் பக்கம் அடுத்தடுத்த மூன்று தோட்டங்களில் மூன்று செட் வைத்துவிட்டு வந்தார். மூன்றையும் பேசி வைத்தாற்போல் ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

மூவரும் சொன்ன குறை ஒன்றுதான். சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கரகரவென்று சத்தம் வருகிறது, ஒரு வார்த்தை விளங்கவில்லை. "பாய், மழ வருமா வராதான்னு அவரு சொல்லுறாரு. உங்க ரேடியோ அத அரைச்சுக் குடுக்குது" என்றார் ஒருவர். இந்தப் பேச்சு வத்தலக்குண்டு சந்தை வரைக்கும் போய்விட்டது. வேறு ஊர்களில் சொல்லி வைத்திருந்த நாலைந்து பேரும் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. "பக்ரீத் வரைக்கும் பாரு. அதுக்குள்ள கட நிக்கலேன்னா கிடங்குக்கு வந்துரு" என்று நிதானமாக மகனிடம் சொன்னார். பக்ரீத் முடிந்தால் ஊர்த்தோல் எல்லாம் கிடங்கில் வந்து மலையாகக் குவியும். உப்புப் போட ஆள் பத்தாது. வருடத்தில் அவருக்கு மகன் தேவைப்படுகிற நேரம் அதுதான். பக்ரீத்துக்கு இருபது நாள் கூட இல்லை. கடை மூடினால் என் வீட்டுக்காரர் கிடங்குக்குப் போய்விடுவார், நான் பழையபடி வெறும் அடுப்படியோடு நிற்பேன். 

அவர் மூன்று செட்டையும் பிரித்துப் போட்டார். வால்வை மாற்றினார், திரும்பவும் பழையதையே மாட்டினார். எங்கள் வீட்டில் மூன்றும் தேனாகப் பாடின. ஒரே ஒரு நேரம் தவிர. பதினொரு மணிவாக்கில், தெருமுனை மாவு மில் ஓடும்போது மட்டும் கரகரத்தன. எனக்கு அது பழகிப்போன சத்தம். மில்காரர் சுவிட்சைத் தட்டினால் எங்கள் வீட்டு ரேடியோ சொல்லிவிடும்.

"அங்க பக்கத்துல மாவு மில்லு இருக்கா?" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"தோட்டத்துக்குள்ள ஏது மில்லு? நீ வேற" என்றார்.

"மோட்டாரு இருக்குல்ல?"

கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ஆனால் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. பொண்டாட்டி சொல்லிக் கோளாறு தெரிந்தால் மதுரையில் படித்த இரண்டு வருடம் வீணாகிவிடுமாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், மூன்றாம் நாள் காலையில் ஒரு செட்டைத் துணியில் கட்டினார். நானும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன். "நீங்க எந்தச் சத்தம் வந்தாலும் வால்வ மாத்துவீக. அந்தச் சத்தம் எனக்குத்தான் தெரியும்" என்றேன். மாமியாரிடம் வத்தலக்குண்டில் இருக்கும் சின்னம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னோம். சின்னம்மா அங்கே இருந்தது உண்மைதான், போகவில்லை அவ்வளவுதான்.

பஸ்ஸில் பாதி, மாட்டு வண்டியில் பாதி. வெயில் தாழும் நேரம், மூன்றில் ஒரு தோட்டத்தில் செட்டை வைத்து ஏரியலை மாட்டினார். அப்போது அது பாடிய அழகைச் சொல்ல வேண்டுமே! தோட்டக்காரருக்கு ஆத்திரம்.

"நீங்க வந்தா மட்டும் ஒழுங்காப் பாடுதே பாய், இதுக்கென்ன உங்கள அடையாளம் தெரியுமா?"

நான்தான் சொன்னேன். "அண்ணே, மோட்டாரப் போடுங்க."

கிணற்றடிக்குப் போய்ப் போட்டார். ரேடியோவில் கரகர என்று அதே சத்தம். நிறுத்தினார், சத்தம் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கோளாறு தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லையே.

"அப்ப நான் பயிரக் காய விட்டுட்டு ரேடியோ கேக்கவா?" என்று தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நிகழ்ச்சி வருகிற நேரமும் அவர் தண்ணீர் பாய்ச்சுகிற நேரமும் ஒன்று.

நான் ஏரியல் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அது வீட்டிலிருந்து நேராகக் கிணற்று மேட்டுத் தென்னைக்குப் போனது. தென்னைக்கு அடியில் மோட்டார் ரூம். பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தேன். அங்கேயும் கிணற்றடித் தென்னைதான், அதன் தலையில் ஒரு மூங்கில் வேறு. மூன்றாவது தோட்டத்திலும் அப்படியே.

"ஏண்ணே அங்க கொண்டுபோய்க் கட்டுனீக?"

"பாய்தான சொன்னாரு, இருக்கிறதுலேயே ஒசரமான மரத்துல கட்டணும்னு."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். டவுனில் அந்த விதி சரி. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் உயரமான மரம் என்றால் அது கிணற்றடித் தென்னைதான்; தண்ணீர் குடித்து வளர்ந்த மரம். மோட்டாரும் அங்கேதான் இருக்கும். பாட்டைப் பிடிக்கக் கட்டிய கம்பி மோட்டாரின் இரைச்சலை முதலில் பிடித்துவிட்டது. மூன்று தோட்டக்காரர்களும் யார் கம்பி உசத்தி என்று போட்டி போட்டு அதை இன்னும் நன்றாகப் பிடித்தார்கள்.

வீட்டுக்கு எதிர்ப்புறம், கிணற்றுக்கு நல்ல தூரத்தில், மாட்டுக் கொட்டம் இருந்தது. அதன் மேல் ஒரு கம்பு நட்டு அங்கே இழுத்துக் கட்டலாம் என்று என் வீட்டுக்காரரே சொன்னார். இப்போது தோட்டக்காரருக்கு வேறு பிரச்சினை.

"மாட்டுக் கொட்டத்து மேலயா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் தென்னையில மூங்கில் வச்சுக் கட்டிருக்கான். நான் கொட்டத்துல கட்டுனா ஊரு சிரிக்காதா பாய்?"

அதுவரை பால் கறந்துகொண்டிருந்த அவர் மனைவி சொம்போடு எழுந்து வந்தார். "சிரிக்கிறவன் வந்து கேக்கட்டும். மாடும் செத்த நேரம் கேட்டா என்ன கொறஞ்சு போச்சு? கட்டுங்க பாய்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

கட்டி முடித்ததும் மோட்டாரைப் போட்டார்கள். நான் செட்டில் காதை வைத்தேன். சத்தம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லக் கூடாது. அடியில் லேசாக ஒரு முனகல் இருந்தது. ஆனால் அதன் மேல் ஒரு குரல், தக்காளிச் செடிக்கு எப்போது மருந்து அடிப்பது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது. ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. தோட்டக்காரர் குந்தி உட்கார்ந்து கேட்டார். வண்டியில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மற்ற இரண்டு தோட்டங்களும் ஒரு வாரத்துக்குள் கொட்டத்துக்கு மாறின. சந்தையில் கெட்ட பேச்சு எந்த வழியில் போனதோ நல்ல பேச்சும் அதே வழியில் போனது. கோளாறைக் காதால் கண்டுபிடித்தது பாய் வீட்டம்மா என்பதும் அதோடு சேர்ந்து ஊருக்குத் தெரிந்துபோனது. அகரத்திலிருந்து ஆள் வந்தது. ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யாத் தோப்புக்காரர் வந்து, "ஏனுங்க, மாட்டுக் கொட்டத்துல கட்டுற ரேடியோ இங்கதானுங்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு தனி ரகம் இருப்பதாகவே நினைத்துவிட்டார்கள். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை.

பக்ரீத் வந்தது. மறுநாள் காலையிலேயே தோல் வண்டிகள் எங்கள் தெரு வழியாகக் கிடங்குக்குப் போக ஆரம்பித்தன. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் ரேடியோ. என் வீட்டுக்காரர் கேட்காமலே எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கிடங்குக்குப் போகத்தான். திரைக்குப் பின்னால் நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

மாமனார் அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சட்டயப் போடுறா. ஆளு வந்து உக்காந்துருக்கு, எங்க கெளம்புற?" என்றார்.

பிறகு திரையின் பக்கம் திரும்பினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எது சொன்னாலும் மாமியார் மூலம்தான். அன்று திரையைப் பார்த்து, நாலு பேருக்கும் கேட்கச் சொன்னார்.

"நீயும் இங்கயே இரும்மா. இவனுக்குக் காது பத்தாது."