வட்டம் போட ஆளில்லாத தாள்

தையல்நாயகி டீச்சர் போய்விட்டார் என்று அவருடைய தம்பி முருகையன் போனில் சொன்னபோது என் காலைக் காப்பி இன்னும் ஆறவில்லை. படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். முந்தின நாள் மாலைதான், எங்கள் தெரு வாய்க்காலைத் தூர் வாரக் கேட்டு நான் எழுதிய மனுவைப் படித்து, மூன்று இடங்களில் வட்டம் போட்டுப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அந்த மூன்றையும் நான் இன்னும் திருத்தவில்லை.

மன்னார்குடியில் ஒரே பள்ளியில் நான் தமிழும் அவர் கணக்கும் நடத்தினோம். இதைப் படிக்கும் பழைய மாணவர்கள் உங்களில் பலருக்கு நான் இலக்கணம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நானே எழுத உட்கார்ந்தால் பன்மையில் தொடங்கி ஒருமையில் முடிப்பேன். பாதி வாக்கியத்தை மாற்றிவிட்டு மீதியை மறந்துவிடுவேன். எத்தனை முறை படித்தாலும் அது என் கண்ணில் படாது. டீச்சர் ஒரே முறையில் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் படிக்கும் முறையே வேறு. கடைசி வரியில் தொடங்கி, அடிக்கோலை ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்துவார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அம்மா நடவு வேலைக்குப் போனவர். "எங்கம்மா நட்டு முடிச்சதும் வரப்புல ஏறி நின்னுதான் பாக்கும் ஐயா. உள்ள நின்னா எல்லாம் பச்சையாத்தான் தெரியும். நீங்க வயலுக்குள்ளயே நிக்கிறீங்க" என்றார். பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவாரே தவிர, திருத்தமாட்டார். "வட்டம் போடுறது என் வேலை. திருத்துறது உங்க வேலை."

ஓர் அரையாண்டுத் தேர்வின் வினாத்தாளில் 'பிழை நீக்கி எழுதுக' என்று ஐந்து வாக்கியங்கள் கொடுத்திருந்தேன். டீச்சரின் வட்டம் அந்த ஐந்தில் இல்லை, அவற்றுக்கு மேலே நான் எழுதியிருந்த குறிப்பில் இருந்தது. "பிள்ளைங்க முதல்ல கேள்வியத் திருத்திட்டுத்தான் பதிலுக்கு வரணும் போலிருக்கே" என்றார். ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த தேர்விலும் ஒன்று விட்டேன்.

ஒரே ஒரு பிழைக்கு மட்டும் அவர் சிரித்ததில்லை. ஆண்டு விழா அழைப்பிதழில் துப்புரவுப் பணியாளர் அம்மாவின் பெயருக்குப் பின் 'அவர்கள்' விட்டுப்போயிருந்தது. மற்ற எல்லோருக்கும் போட்டிருந்தேன். அன்றுதான் அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய கிராமத்தில் பெரிய பண்ணை வீட்டார் அவரையும் அம்மாவையும் வாடி போடி என்றுதான் கூப்பிடுவார்களாம். பிறகு அந்த வீட்டுப் பெரியவரே பேரனைச் சேர்க்க நம் பள்ளிக்கு வந்து, "வணக்கங்க டீச்சர்" என்றிருக்கிறார். "அந்த ஒரு 'ங்க'வுக்கு எங்க வீட்ல ரெண்டு தலைமுறை ஒழைச்சிருக்கு ஐயா. அதை மட்டும் எங்கயும் விட்டுடாதீங்க."

விட்டேன். அவருக்கே விட்டேன்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் எழுதும் பொறுப்பைப் பழைய ஆசிரியர்கள் என்னிடம் கொடுத்தார்கள். என்னைவிட ஒன்பது வயது இளையவர் என்பதால் 'எங்கள் தங்கை' என்று தொடங்கி 'இயற்கை எய்தினாள்' என்று முடித்திருந்தேன். 'ஆசிரியை அவர்கள்' என்று இருப்பதுதான் முறை என்றார்கள். மேலே மாற்றினேன். அச்சகத்திலிருந்து படம் வந்தது, ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி. நான் அதை வழக்கம்போல் டீச்சருக்கு அனுப்பினேன்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். டீச்சர் பார்க்கட்டும், பிறகு சொல்கிறேன் என்று அச்சகக்காரரிடம் சொல்ல வாயெடுத்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அதற்குமேல் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பேருந்து நிலையச் சுவரில் பார்த்தேன். மேலே 'ஆசிரியை அவர்கள்'. கீழே 'எய்தினாள்'. வழி நெடுக அதுவேதான்.

சாவு வீட்டு வாசலில் முருகையனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா போனுக்கு நீங்க அனுப்பினது வந்துச்சுங்க ஐயா. நான்தான் தொறந்தேன். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். நம்ம வீட்டு ஆளு எழுதுன மாதிரி இருக்குன்னு சொல்லுச்சு." அந்த அம்மா உள்ளே மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்படித் தோன்றலாம். வீட்டுக்குள் அது பாசம். தெருச்சுவரில் அது அந்தப் பழைய பண்ணை வீட்டுக் குரல்.

அடக்கம் முடிந்ததும் 'எய்தினார்' என்று துண்டுச் சீட்டுகள் அச்சடித்து, பசை வாளியோடு கிளம்பினேன். கடைகளின் ஷட்டர் கதவில் ஒட்டியிருந்தவை கடை திறந்ததும் சுருண்டு மேலே போயிருந்தன. "சாத்துறப்ப வாங்க சார்" என்றார்கள். சில, கை எட்டாத உயரத்தில் இருந்தன. டீக்கடைக்காரர் என் வேட்டியில் வழிந்த பசையைப் பார்த்துவிட்டு, "விடுங்க சார், இதையெல்லாம் யாரு உத்துப் பாக்கப்போறா?" என்றார். பார்க்கிற ஒருவரைத்தான் அன்று காலை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தேன். ஒட்ட முடிந்ததை ஒட்டினேன். ஒட்டாதவை இன்னும் ஊரில் இருக்கின்றன. நேற்றுகூட ஒன்றைப் பார்த்தேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு, அவர் வட்டம் போட்ட மனுவின் படம், கீழிருந்து மேலே படிக்கும் பழக்கம். இந்தக் கட்டுரையையும் அடிக்கோல் வைத்து அப்படித்தான் படித்தேன். எல்லாம் பச்சையாகத்தான் தெரிகிறது. எங்கோ ஒன்று இருக்கும். எழுதி முடித்துப் படம் பிடித்ததும், என் விரல் அவர் பெயருக்குத்தான் போயிற்று. கடைசியாக நான் அனுப்பியதற்குக் கீழே இரண்டு நீலக் குறிகள் இருந்தன. பதில் இல்லை.