காலில் இல்லாத கனம்

திருடினான் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரேக்கண்ணன் ஒரு காரின் புதுப் பிரேக் பேடைக் கழற்றி விற்றுவிட்டுத் தேய்ந்ததை மாட்டிவிட்டானாம், தெரு முழுக்க இதே பேச்சு. அவன் கை சுத்தம். கெட்டுப்போனது வாய்தான். அதைச் சொல்லித் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

பட்டறையில் பிரேக் வேலை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவன் மனைவியின் தம்பி, பல் டாக்டரம்மா ஒருவரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் காருக்கு டிஸ்க் மாற்ற வேண்டி வந்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை அழுத்தினால் இரண்டு பக்கமும் பேடு வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். வழவழவென்றிருக்கும் சாதாரணத் தட்டே போதும். ஆனால் மைத்துனன் ஓட்டுகிற வண்டியாயிற்றே, நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டாமா? வரிவரியாகப் பள்ளம் வெட்டிய, பந்தயக் காருக்குப் போடுகிற டிஸ்கை ஆகா ஓகோ என்று புகழ்ந்து டாக்டரம்மா தலையில் கட்டினான்.

மாட்டுவதற்கு முன் வீட்டுக்கு எடுத்துவந்து பெருமையாகக் காட்டினான். மனைவி தடவிப் பார்த்தாள்.

"இதென்ன, காரட் துருவியா?"

"உனக்கென்னடி தெரியும்? பறந்து வர்ற வண்டியையும் அப்படியே நிறுத்திடும்."

"என் தம்பி எங்க பறக்கிறான்? சிக்னலுக்குச் சிக்னல் நின்னு கொட்டாவி விட்டுக்கிட்டிருக்கான்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ஊருக்குள் நின்று நின்று போகிற வண்டியில், அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் பள்ளத்தின் விளிம்பு பேடைச் சீவி எடுத்தது. வெள்ளியாய் மின்னிய சக்கரங்களில் கரி அப்பியது. மைத்துனன் காலையில் துடைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் மறுபடியும் கறுத்து நிற்கும். மழைக்காலம் ஓய்வதற்குள் பேடு தேய்ந்து கீச்சிட ஆரம்பித்தது.

டாக்டரம்மா மைத்துனனோடு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. கோளாறு டிஸ்க்லயா, இல்ல இவர் எப்பவும் பிரேக் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுறாரா?"

சக்கரத்தைக் கழற்றியதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் முதலாளி. கூட வேலை செய்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிரேக்கண்ணனே பிரேக்கில் கோட்டை விட்டான் என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வது?

"கால் கொஞ்சம் கனம்தாம்மா."

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் வந்திருந்தாலாவது பரவாயில்லை. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற முகம். பிரேக்கண்ணன் அங்கேயே கூனிக் குறுகிப்போனான். அந்த வாரமே மைத்துனனின் வேலை போயிற்று.

புதுப் பேடு இத்தனை சீக்கிரம் தேயுமா என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. அக்கம்பக்கத்தார் திருட்டுப் பட்டம் கட்டியபோதும் அவன் மறுக்கவில்லை. மறுத்தால், பேடு ஏன் தேய்ந்தது என்று சொல்லியாக வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் தரையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"பழகிக்கிறேன் மாமா. அடுத்த வண்டியிலயாவது கெட்ட பேர் வரக் கூடாதுல்ல?"

பிரேக்கண்ணனுக்குக் காது மடல்கூடச் சுட்டது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினான்.

"உன் காலுல ஒண்ணும் இல்ல மாப்ள. நான் போட்ட டிஸ்க்தான் பேடைத் தின்னுச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"எங்ககிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? சொல்ல வேண்டிய இடம் இதுவா?"

அவன் சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தான் ஒன்று மாறிப்போயிருந்தது, அவள் சொல்லவில்லை.

மைத்துனன்தான் எழுந்து வந்தான். "நானும் கூட வரவா மாமா?"

"வேணாம்டா. நீ பக்கத்துல நின்னா மறுபடியும் வாய் பொய்யைத்தான் தேடும்."

கதவைத் திறந்து, டாக்டரம்மா வீட்டுப் பக்கமாக இறங்கி நடந்தான்.